மூக்குத்தி எந்தப் பக்கம்

எங்க அம்மாவுக்கு ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. அதையும் எடுத்தது சர்க்கார்.

1993ல் சேஷன் தேர்தல் கமிஷனராக இருந்தபோது வாக்காளர் எல்லாருக்கும் படம் போட்ட அட்டை தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்புறம் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ கழித்து எங்கள் காலனிக்காரர்களைப் பள்ளிக்கூட வராண்டாவில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அம்மா களையெடுப்பிலிருந்து அப்படியே போனாள். கையில் மண்ணு, தலையில் சும்மாடு. சும்மாட்டை எடுக்கச் சொல்லி அதட்டியிருக்கிறான். "மொறைக்காத, நேராப் பாரு" என்றானாம். "நான் எங்கடி மொறைச்சேன்? என் மூஞ்சியே அதுதான்" என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். அட்டையில் அப்பா பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். வயசு என்று ஒரு நம்பரை அவர்களாகவே எழுதியிருந்தார்கள். அம்மா பிறந்த வருசம் அம்மாவுக்கே தெரியாது. அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ.

2009ல் அம்மா செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அண்ணன் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தான். ரெண்டே நாளில் பெரிய சட்டம் போட்டுப் படம் வந்தது. எனக்கு யாரென்றே தெரியவில்லை. அம்மா நல்ல கறுப்பு. படத்தில் கோதுமை நிறத்தில் ஒரு பொம்பளை. அரக்குப் பட்டு, கழுத்தில் காசுமாலை, காதில் ஜிமிக்கி, பின்னால் அருவி விழுகிறது. கம்ப்யூட்டரில் யாரோ ஒருத்தியின் உடம்பை எடுத்து அதன்மேல் அம்மாவின் முகத்தை வெளுத்து ஒட்டியிருந்தார்கள். நகையும் பட்டும் அந்த ஒருத்தியுடையது. நம்ம தெருவில் சாவு விழுந்த வீட்டில் போய்ப் பாருங்கள், பாதிப் படங்கள் இப்படித்தான் இருக்கும். ஒரே பட்டுச்சேலையை நாலு வீட்டுக் கிழவிகள் கட்டிக்கொண்டு சுவரில் இருக்கிறார்கள்.

"இது யாருண்ணே?" என்றேன்.

"அம்மாதான். ஏன், நல்லாத்தான இருக்கு?"

"அம்மா எப்ப வெள்ளையா இருந்துச்சு?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரோட இருக்கையில ஒரு நாள் பட்டு கட்டுனாளா? கழுத்துல குண்டுமணி பொன்னு கெடந்துச்சா? செத்த பெறகாவது கட்டிட்டுப் போகட்டும்டி. ஒனக்கு எங்க நோவுது?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று எனக்கு அழுகை வரவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்து, அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து பழஞ்சேலையை மோந்து பார்த்துத்தான் அழுதேன்.

நான் தையல்காரி. பத்தாவது முடித்தபின் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு தையல் பள்ளியில் ஆறு மாசம் கற்றுக்கொண்டேன். காலனியில் என் வீட்டுத் திண்ணையில்தான் மெஷின். ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம், கிழிசலுக்கு ஒட்டு. ஊருக்குள் இருக்கிற பொம்பளைகளும் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள். ஆனால் அளவு எடுக்க விடமாட்டார்கள். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். அளவு ரவிக்கை எல்லாருந்தான் கொடுக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். டவுனில் போய் டெய்லரிடம் டேப்பு வைத்து அளக்க நிற்கிறவர்கள்தானே இவர்கள்! என் டேப்புதான் தீட்டு. இருபது முப்பது வருசமாக எத்தனையோ உடம்புக்கு அளவு தெரியும் எனக்கு. ஒரு உடம்பையும் தொட்டதில்லை.

எங்க அப்பத்தா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. தையல் பழகிய புதிதில், கையைப் பழக்க வெட்டிய துணியில் அப்பத்தாவுக்குத்தான் முதல் ரவிக்கை தைத்தேன். ஒரு கையை மட்டும் நுழைத்தது. "கட்டிப்போட்ட மாதிரி இருக்கு, எனக்குப் பழக்கமில்ல ஆத்தா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டது. பழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். ரொம்ப நாள் கழித்து, இயக்கத்துக்கு வந்தபிறகு ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இருக்கிற விசயத்தைப் படித்துக் காட்டினார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம் என்கிற எங்கள் பக்கமும் அன்றைக்கு இராமநாதபுரம்தான். பொன் வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பொம்பளை துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறினால் குடிசைக்குத் தீ. அடுத்த வருசம் 1931 ஜூனில் எட்டு பதினொன்றானது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

எட்டில் மூன்று துணியைப் பற்றியது என்று அன்றைக்கே எண்ணிப் பார்த்தேன். தையல்காரி புத்தி. அப்பத்தா அப்போது சமைந்த பிள்ளையாக இருந்திருக்கும். அதுவா பழகிக்கொண்டது? அடித்துப் பழக்கியது.

அம்மா ஒரு ஆச்சி வீட்டில் மாட்டுக்கொட்டில் வேலை பார்த்தாள். பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வரவேண்டும். முகப்புப் பக்கம் போனதே இல்லை. ஒரே ஒரு தடவை, வெள்ளையடிக்கிற சமயத்தில் சாமானெல்லாம் தாழ்வாரத்துக்கு வந்தபோது ஒரு படத்தைப் பார்த்திருக்கிறாள். அதை ஆயிசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "லச்சுமி படம்டி. மூஞ்சியும் கையும்தான் படம். சேலை நெசச் சேலை. சரிகை ஓடுது, ஜிகினா மின்னுது. அது மூச்சு விட்டா சேலை அசையும் போல இருக்கு." சின்ன வயசில் எனக்கு அது கதை. அம்மா இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா செத்து மூணு வருசம் கழித்து நூல் வாங்கக் காரைக்குடி போயிருந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிக்கிற வீடு, பாகம் பிரிக்கிற வீடு, ஆள் இல்லாத வீடு... அங்கேயிருந்தெல்லாம் கதவு, தூண், கும்பா, பீங்கான் என்று எல்லாம் இங்கே வந்து சேரும். சும்மா ஒரு கடைக்குள் நுழைந்தேன். சுவரோரம் சாய்த்துவைத்த படங்களுக்கு நடுவில் அம்மா சொன்ன மாதிரியே ஒரு லச்சுமி. ரவிவர்மா படம். ரவிவர்மா 1894ல் பம்பாயில் ஜெர்மன் மெஷின் வைத்து அச்சகம் போட்டு சாமி படங்களை அச்சடித்துத் தள்ளினார். அந்த அச்சுப் படத்தை வாங்கி, முகத்தையும் கையையும் மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடத்தில் நிஜத் துணியை ஒட்டித் தைத்து, சரிகையும் சமிக்கியும் வைத்துக் கண்ணாடி போட்டுக்கொள்வது செட்டிநாட்டு வீடுகளில் வழக்கமாக இருந்திருக்கிறது.

கடைக்காரர், "எடுத்துப் பாருங்கம்மா" என்றார். அங்கே யாரும் யார் என்று கேட்பதில்லை. காசு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். கண்ணாடி உடைந்து போயிருந்த படம் அது. சேலையை விரலால் தொட்டேன். மடிப்பு ஒவ்வொன்றையும் மடித்து மடித்துக் கண்ணுக்குத் தெரியாத கைத்தையல் போட்டிருந்தாள் ஒருத்தி. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். தையல்காரி எதையும் திருப்பித்தான் பார்ப்பாள். நூல் முடிச்சுகள் அவசரமாக இருந்தன. ஒரு இடத்தில் நூல் தீர்ந்துபோய் வேறு நிற நூல். செய்தவளும் நம்மைப் போல ஒரு மனுசிதான் என்று தோன்றியது. அம்மா முப்பது வருசம் நினைத்துக்கொண்டிருந்த அதிசயம் இதுதானா! கடைசி பஸ்சில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. சாமிக்கு முகம் அச்சில், துணி நிஜத்தில். ஸ்டுடியோக்காரன் எங்க அம்மாவுக்குச் செய்தது இதற்கு நேர் எதிர். முகத்தையும் பொய்யாக்கி, துணியையும் பொய்யாகக் கட்டிவிட்டான்.

அப்படித்தான் அம்மாவை நான் செய்ய உட்கார்ந்தேன்.

சின்ன வயசில் பேப்பரில் மெழுகுவத்தியைத் தேய்த்து, தினசரியில் வருகிற நடிகர் படத்தின்மேல் கவிழ்த்துக் காசால் உரசினால் படம் ஒட்டிக்கொண்டு வரும். நீங்களும் செய்திருப்பீர்கள். துணியில் அது நிற்காது. எங்கள் காலனியில் சுவர் விளம்பரம் எழுதுகிற தம்பி ஒருவன் இருந்தான். ஃப்ளெக்ஸ் வந்து அவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டது, அது தனிக் கதை. அவன்தான் சொன்னான்: "அக்கா, ஜெராக்ஸ்ல இருக்குற கறுப்பு தின்னருக்கு இளகும்." ஜெராக்ஸ் எடுத்த படத்தைத் துணிமேல் கவிழ்த்து, நகராமல் குண்டூசி குத்தி, பஞ்சில் தின்னரைத் தொட்டுப் பின்பக்கம் நனைத்து, ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். காகிதத்தை எடுத்தால் துணியில் முகம். வெளியே காற்றாட உட்கார்ந்து செய்ய வேண்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, தலை கிறுகிறுக்கும். துணியை முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். தின்னர் வாடை முழுக்கப் போனபிறகு மேலே ஒரு காகிதம் போட்டுச் சூடாக இஸ்திரி போட்டால் படம் நிற்கும். காகிதம் போடாமல் தேய்த்தால் முகம் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு வந்தது. அம்மாவின் கன்னத்தை இஸ்திரிப் பெட்டியிலிருந்து சுரண்டினேன்.

முகத்துக்கு வெளுத்த துணிதான் சரிப்படும். அப்பாவின் வேட்டியில் ஒரு சாண் வெட்டினேன். 1983ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த பொங்கல் இலவச வேட்டி சேலையில் வந்த வேட்டி. உடம்புக்கு அம்மாவின் சேலை, அதுவும் இலவசச் சேலைதான். அட்டையில் ஒட்டியிருந்த பளபளப்பு முத்திரை ஜெராக்சில் கறுப்புத் திட்டாக அம்மாவின் தோள்மேல் விழுந்திருந்தது. சர்க்கார் முத்திரை மேலேயே சேலைத் துண்டை வைத்துக் காஜாத் தையல் போட்டு மூடினேன். ரவிக்கைக்கு மட்டும் துணி எடுக்க ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் அப்பத்தா கழற்றிக் கொடுத்த அந்த ரவிக்கையில் ஒரு துண்டு வெட்டினேன். அதை அத்தனை வருசம் வைத்திருந்தேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முகத்தில் கோடு போட நூல் வேண்டும். நூல் கடையில் போய்த் தோல் நிறத்தில் நூல் கேட்டேன். "ஸ்கின் கலரா?" என்று ஒரு கண்டை எடுத்துப் போட்டார். ரோசும் சந்தனமும் கலந்த மாதிரி ஒரு நிறம். லைனிங் துணியிலும் அதுதான் ஸ்கின் கலர். முப்பது வருசமாக நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன், ஒரு நாள்கூட உறைக்கவில்லை. யார் ஸ்கின்? கடையில் நிற்கிறவன் கறுப்பு, வாங்குகிற நான் கறுப்பு. காப்பிக்கொட்டை நிறம், புளியங்கொட்டை நிறம், கரிசல் நிறம் என்று மூணு நூல் எடுத்து வந்தேன். நெற்றிச் சுருக்கத்துக்கும் கழுத்துக்கும் பின்தையல். முடிக்குக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கி இழுத்தேன். ஒரு உள்ளங்கையும் நாலு விரலும் சேர்ந்த அகலந்தான் மொத்தப் படமும். பதினோரு ராத்திரி ஆனது.

எங்க சின்னம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவின் தங்கச்சி. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. கண்ணீர் விடும் என்று நான் காத்திருக்கிறேன்.

"இது எங்கக்கா இல்லடி."

"ஏன் சின்னம்மா?"

"மூக்குத்தி எந்தப் பக்கம்?"

அம்மாவுக்கு வலது பக்கம் மூக்குத்தி. கவரிங்தான். கவிழ்த்துத் தேய்த்ததில் படம் இடம் வலமாகத் திரும்பி மூக்குத்தி இடது பக்கம் போய்விட்டது. பதினோரு ராத்திரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து முன்கூட்டியே திருப்பி அச்செடுக்கப் பழகிக்கொண்டேன். முதல் படத்தைப் பிரித்துப்போடலாம் என்று ரம்பையை எடுத்தேன். சின்னம்மாதான் தடுத்தது. "இருக்கட்டும். கண்ணாடியில பாத்தா அக்காவுக்கு அக்கா இப்படித்தான தெரிஞ்சிருப்பா." ஆக அம்மா எனக்கு ரெண்டு.

அண்ணனுக்கு ரெண்டாவதைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான். பட்டுச்சேலைப் படத்தைக் கழற்றவில்லை. அதன் கீழே ஆணி அடித்து இதை மாட்டினான். இப்போதும் ரெண்டும் இருக்கிறது. நானும் கழற்றச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14க்குப் பிள்ளைகள் அம்பேத்கர் கேட்டார்கள். முதலில் அச்சிலேயே முழுசாக எடுத்தேன், அது காலண்டர் மாதிரி இருந்தது. அப்புறம்தான் கோட்டைத் துணியில் தைப்பது என்று வைத்துக்கொண்டேன். ஜூன் மாசம் யூனிபார்ம் தைத்த மிச்சம் என்னிடம் கருநீலத் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற துணி. அதில் தைத்தேன். ஆம்பளைக் கோட்டில் இடது பக்கம்தான் மேலே வரும், பொம்பளைத் துணியில் வலது பக்கம் மேலே வரும். மேல்பை இடது மார்பில். இதெல்லாம் தையல்காரிக்குத் தெரியும். கவிழ்த்து அச்செடுக்கிறபோது கவனிக்காவிட்டால் அம்பேத்கர் பொம்பளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார். (நின்றால்தான் என்ன என்று ஒரு தங்கச்சி கேட்டாள். யோசிக்க வேண்டிய விசயந்தான்.) காலர் மடிப்புக்கு உள்ளே கேன்வாஸ் வைத்து நிஜக் கோட்டு போலவே இழுத்துத் தைப்பேன். ஜிகினா வைக்கவே மாட்டேன். கேட்பார்கள், "கொஞ்சம் மினுமினுப்பா வைக்கா" என்று. அவர் லச்சுமி இல்லை. அவர் போட்டது சம்பாதித்துப் போட்ட கோட்டு.

கோட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், அந்த 1930 டிசம்பர். எங்கள் சீமையில் ஆதிதிராவிடன் கோட்டுப் போடக் கூடாது என்று தடை போட்ட அதே மாசம், லண்டனில் முதல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம ரெட்டமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மூணு வருசம் முன்னால், 1927 டிசம்பரில் மகாதில் மனுநூலை எரித்த கையோடு பெண்களைக் கூட்டிவைத்து அம்பேத்கர் பேசியது சேலையைப் பற்றி. தீண்டப்படாதவள் என்று அடையாளம் தெரிகிற மாதிரிச் சேலை கட்டாதே, மற்றவர்களைப் போலக் கால்வரை இறக்கிக் கட்டு என்றார். துணி அரசியல் இல்லை என்று சொல்கிறவர்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எங்கள் ஊர் முக்கில் அம்பேத்கர் சிலை இருக்கிறது, இரும்புக் கூண்டுக்குள். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள், உடைத்துவிடுவார்கள் என்று. துணியில் செய்தவர் மடித்தால் மடியில் அடங்குவார். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தினார்களே, அப்போது தொலைக்காட்சியில் காட்டிய கரியைப் பார்த்துக்கொண்டே எனக்கு இந்தப் புத்திதான் போனது. இதில் எத்தனை படம் இருந்திருக்கும்? எத்தனை பேருக்கு அந்த ஒரு படந்தான் இருந்திருக்கும்?

காலனியில் விசயம் பரவிவிட்டது. ரேசன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். நம்ம சனத்துக்குச் சர்க்கார் எடுத்த முகந்தான் முகம். ஆதாரில் எல்லாரும் பயந்துபோய் இருப்பார்கள். அந்தப் பயத்தை எப்படித் தைப்பது என்பது எனக்கு இன்னும் கைவரவில்லை.

ஒரு பிள்ளை வந்தாள். சின்ன வயசு. புருசன் வெளியூரில் செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண இறங்கிச் செத்தவன். மனுசனை இறக்கக் கூடாது என்று 2013ல் சட்டமே போட்டாயிற்று, இறக்குகிறவன் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறான். அவள் கையில் ஒரு பேப்பர் துண்டு. வெளியே தூக்கிப் போட்டிருக்கிற பிணத்தின் படம். செல்போனில் இருந்ததெல்லாம் போனோடு குழிக்குள் போய்விட்டதாம். அவனுடைய ஆதாரையும் நஷ்டஈட்டுக்கு என்று யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை.

"அக்கா, கண்ணைத் தொறந்து தச்சுக் குடு" என்றாள்.

தைத்துப் பார்த்தேன். மூணு தடவை. மூடின இமைமேல் நூலால் கண் வைத்தால் அது பொம்மைக் கண்ணாக ஆகிவிடுகிறது. அந்தப் பேப்பர் புள்ளிகளை உற்று உற்றுப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த முகத்தையும் இனித் தொடக் கூடாது என்று ஒரு மாசம் மெஷினை மூடிவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தோழர் ஒருவர் சிலி நாட்டுப் பெண்களைப் பற்றிச் சொன்னார். 1973ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துப்போனது. வீடு திரும்பாதவர்களின் அம்மாக்களும் மனைவிகளும் சாக்குத்துணிமேல் ஒட்டுத்துணி தைத்து, நடந்ததைப் படமாக்கி ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அர்ப்பியேரா என்று அதற்குப் பெயர். காணாமல் போனவனின் சட்டையையே வெட்டித் தைத்தவர்கள் உண்டு. படத்தின் பின்னால் சின்னதாக ஒரு பை வைத்து அதில் சீட்டு எழுதிப் போடுவார்களாம்.

அந்தப் பிள்ளையிடம் புருசன் சட்டை ஒன்று கேட்டேன். சட்டைப்பையை மட்டும் துணியோடு வெட்டி, ஒரு வெள்ளைத் துணியில் வைத்துச் சுற்றிலும் தைத்தேன். கீழே அவன் பெயரைப் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் அவனே போட்ட கையெழுத்திலிருந்து தின்னர் வைத்து எடுத்தேன். "மூஞ்சி இல்லாம எப்படிக்கா?" என்று கேட்டவள், பேசிக்கொண்டே பைக்குள் ரெண்டு விரலை விட்டாள். அடியில் பீடித்தூள் இருந்தது. நான் அதை உதறாமல்தான் தைத்திருந்தேன்.

ஒருமுறை சென்னையில் ஒரு கலைவிழாவுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். போனேன். ஓவியங்கள் எல்லாம் உள்ளே கூடத்தில் விளக்குப் போட்டு. என்னுடையதை வெளியே ஊறுகாய், பாசிமணி விற்கிற வரிசையில் மேசை போட்டுப் பரப்பச் சொன்னார்கள். பெண்கள் கைவேலை அல்லவா! வந்தவர்களும் நம்மவர்கள்தான். அதுதான் வலி. ஒரு தோழர் நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தோழர், ஆனா இதுல அரசியல் எங்க இருக்கு? ஒப்பாரி மாதிரியில்ல இருக்கு" என்றார். ஒப்பாரியில் அரசியல் இல்லை என்று இவருக்கு யார் சொன்னது? ஊர்ச் சாவுக்கெல்லாம் நம்ம பொம்பளைகளை மாரடிக்க வைத்தார்களே, அப்போது தெரியவில்லையா? சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன். ஒரு அம்மா வந்து எங்க அம்மா படத்தைக் கையில் எடுத்து, "ஐநூறா? நானூறுக்குத் தருவீங்களா?" என்றது. விலைக்கு இல்லை என்றேன். "பின்னே எதுக்கு வச்சிருக்கீங்க?" நியாயமான கேள்விதான்.

ஹேரியட் பவர்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண். 1837ல் அமெரிக்காவில் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வை ஒன்றை 1886ல் ஒரு பருத்திச் சந்தையில் வைத்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் விலைக்குக் கேட்டார், தர மறுத்துவிட்டார். சில வருசத்தில் கஷ்டம் வந்தது. பத்து டாலர் கேட்டுப் போனவருக்கு ஐந்து டாலர்தான் கிடைத்தது. விற்ற பிறகும் அந்த வீட்டுக்குப் போய்ப் போர்வையைப் பார்த்துவிட்டு வருவாராம். இப்போது அது அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்றவளை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் கரண்ட் பில் உண்டு. அம்பேத்கரை விற்கிறேன், சின்னது நூற்றைம்பது, பெரியது முந்நூறு. காலனி முகங்களுக்கு நூல் காசு மட்டும். அம்மாவை விற்பதில்லை. கஷ்டம் வந்தால் என்ன செய்வேனோ, தெரியாது.

போன மாசம் சின்னம்மா ஒரு புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திண்ணையில் வந்து உட்கார்ந்தது.

"என்னையும் பண்ணிரு" என்றது.

"உசுரோட இருக்கீகல்ல சின்னம்மா, என்ன அவசரம்?"

"செத்த பெறகு பண்ணா நீ தப்புத் தப்பா பண்ணுவ. இப்பன்னா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிருவேன்ல. ரவிக்கைக்கு நான் சொல்ற துணிதான். நீலம். மூக்குத்திக்குச் செவப்புக் கல்லு வையி."

"ஒங்களுக்கு மூக்குத்தியே கெடையாதே!"

"அதுக்குத்தான் சொல்றேன். வலது பக்கம் வையி, எங்கக்கா மாதிரி."

ஸ்டுடியோக்காரனை விட்டது போதாதென்று நானே பொய் நகை வைக்கவா என்று முதலில் மறுத்தேன். "கேக்குறது நானுல்லடி" என்றது. நாளைக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போகிறேன். திண்ணையிலேயே, என் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை, பஸ்சில் டவுனுக்குப் போகவேண்டுமாம். செவப்புக் கல் இன்னும் வாங்கவில்லை.